டேஷ்போர்டைப் பச்சையாக வைத்திருப்பது எப்படி?

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் சேஃப்டி ஆபீசர்களுக்கும், சேஃப்டி ஆபீசரே இல்லாத ஆலையில் அந்த வேலையும் சேர்ந்து தலையில் விழுந்துவிட்ட ஹெச்.ஆர். ஆட்களுக்கும் இந்த வழிகாட்டி. உங்கள் ஆலை ஒரகடத்தில் இருக்கலாம், ஓசூரில் இருக்கலாம், கோவை அரசூர்ப் பக்கம் இருக்கலாம். கதை ஒன்றுதான். நேற்று வரை பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பீரோவில், முதுகு பிய்ந்த பாக்ஸ் ஃபைல்களில் கிடந்தன. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஆடிட்டுக்கு முந்தின நாள்தான் விவாதத்துக்கு வரும். இன்று முதல் எல்லாம் டிஜிட்டல்.

கம்பெனி காசு போட்டு ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறது. அதைத் திறந்தால் முகப்பில் ஒரு வட்டம். பயிற்சிச் சான்றிதழ் நடப்பில் இருப்பவர்கள் பச்சை, இன்னும் முப்பது நாளில் காலாவதியாகப் போகிறவர்கள் மஞ்சள், காலாவதியானவர்கள் சிவப்பு. பிளான்ட் ஹெட் காலையில் காபியோடு பார்ப்பது அந்த வட்டத்தைத்தான். மாதக் கூட்டத்தில் திரையில் வரப்போவதும் அதுதான். உங்கள் வேலை அந்த வட்டத்தைப் பச்சையாக வைத்திருப்பது. வேறு ஏதோ வேலை என்று நினைத்துத் தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ எல்லாம் முடித்துவிட்டு வந்திருந்தால், அந்தப் படிப்பு வீண்போகாது. அதுவும் ஒரு சான்றிதழ்தானே, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடுங்கள்.

கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், ஆடிட்டரிடம் பேச்சுக் கொடுக்க உதவும். பதிவேடு வைக்கும் வழக்கம் மென்பொருளோடு வந்ததல்ல. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது போன்ற வேலைகளை யார் செய்யலாம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்லிவிட்டது. தனிப்பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும். பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். நியமனச் சான்று அவரிடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிர்வாகமே வாங்கிக் கொடுத்த, உடம்போடு ஒட்டிய உடையை அவர் அணிந்திருக்க வேண்டும். ஓடும் புல்லியில் 15 சென்டிமீட்டரைவிட அகலமான பெல்ட் என்றால் அவரும் கைவைக்கக் கூடாது. இதை எழுதியவர்களுக்குத் தொளதொளத்த சட்டைக் கையை இயந்திரம் எப்படி இழுக்கும் என்று தெரிந்திருக்கிறது. இந்த நிபந்தனைகளில் பெயருக்கும் சான்றுக்கும் மென்பொருள் வந்துவிட்டது. பெல்ட்டை அளக்கவும் சட்டையைப் பார்க்கவும் இன்னமும் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து ஷாப் ஃப்ளோருக்குப் போக வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் நீங்கள் போக வேண்டாம்.

1984 டிசம்பரில் போபால் நடந்தது. 1987-ல் சட்டத்தைத் திருத்தியபோது 111-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றது அது. பிறகு இதையும் சேர்த்து 13 சட்டங்களை ஒரே கட்டாகக் கட்டி 2020-ல் ஒரு தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. நடுவில் 2018-ல் ஐ.எஸ்.ஓ. 45001 வந்தது. அதன் 7.2-வது பிரிவு, ஆளுக்கு வேலையில் தேர்ச்சி இருக்க வேண்டும் என்றும் அதற்கான ஆதாரத்தை ஆவணமாக வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஏற்றுதல்

ஆட்களின் பெயரை ஏற்ற அரை நாள் போதும் என்று மென்பொருள் விற்றவர் சொல்லியிருப்பார். அவருக்குக் குடும்பப் பெயர் இருந்திருக்கும். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நம் ஆள் எம். முருகன். எம் என்பது மாரிமுத்து, அவருடைய அப்பா. முருகனைக் கூப்பிட்டு உங்கள் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டால், "முதலும் முருகன்தான் சார், கடைசியும் முருகன்தான்" என்பார்.

சிலர் அங்கே அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் இனிஷியலைப் போடுவார்கள். அனுபவசாலிகள் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டு ஆலை எதன் பட்டியலைத் திறந்தாலும் புள்ளி வம்சத்தார் பெருங்கூட்டமாக இருப்பார்கள். சான்றிதழ் அச்சாகும்போது பெயருக்குப் பின்னால் அந்தப் புள்ளியும் தங்க நிற எழுத்தில் கம்பீரமாக வரும்.

வருடம் ஒன்று போனால் முருகன் எம்., எம். முருகன், மாரிமுத்து முருகன் என்று மூன்று பேர் பட்டியலில் நிற்பார்கள். முதலாமவருக்கு ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி முடிந்திருக்கும். இரண்டாமவருக்கு உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி காலாவதியாகியிருக்கும். மூன்றாமவர் பயிற்சி என்றால் என்னவென்றே அறியாதவர். மூவருக்கும் கேன்டீனில் ஒரே தட்டு. எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். பெயிண்ட் ஷாப்பில் ஓர் எம். முருகன், பிரஸ் ஷாப்பில் ஓர் எம். முருகன். இரட்டைப் பதிவு என்று மென்பொருள் இருவரையும் ஒன்றாக்கிவிடும். அதற்குப் பிறகு பெயிண்ட் ஷாப் முருகன் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் பிரஸ் ஷாப் முருகன் தேறிவிடுவார். வட்டத்துக்கு இது நல்லது என்பதால் திருத்த அவசரப்பட வேண்டாம்.

எம்ப்ளாயி நம்பரை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பெனி ஆட்களுக்கு அது உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இருப்பது கேட் பாஸ் நம்பர். காண்ட்ராக்டர் மாறினால் நம்பர் மாறும், ஆள் மாறமாட்டார். ஏழெட்டு வருடமாக அதே கிரேனுக்குக் கீழே நிற்கிறவர், ஏப்ரல் முதல் தேதி புது ஆளாகிக் கேட்டுக்கு வெளியே இண்டக்‌ஷன் வகுப்புக்கு வரிசையில் நிற்பார். அவர் பழைய சான்றிதழ்கள் பழைய காண்ட்ராக்டரின் கணக்கோடு போய்விட்டன. வகுப்பு எடுக்கும் பையனுக்கு எமர்ஜென்சி கேட் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அவரே எழுந்து கைகாட்டுவார்.

தேதி

பாக்ஸ் ஃபைலில் உள்ளதை எல்லாம் எக்செல்லில் அடித்துத்தான் ஏற்ற முடியும். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால் மாதம் முன்னால் வரும், நாள் பின்னால் வரும். மார்ச் 4 என்று நினைத்து 04/03 அடித்தால் அது ஏப்ரல் 3 ஆகிவிடும். 12-ஆம் தேதி வரைக்கும் உள்ளவை இப்படிச் சத்தமில்லாமல் தப்பாகும். 13 முதல் உள்ளவை தேதியே ஆகமாட்டேன் என்று எழுத்தாக இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். இரண்டாவது ரகம் தேவலை, கண்ணில் படும்.

பயிற்சித் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் வேடிக்கை வேறு. காலாவதித் தேதி கண்டுபிடிக்கப் பயிற்சித் தேதியோடு 365-ஐக் கூட்டச் சொல்லியிருப்பீர்கள். எக்செல்லின் நாட்காட்டி 1900-ல் தொடங்குகிறது. காலிக் கட்டம் அதற்குப் பூஜ்யம். பூஜ்யத்தோடு 365 சேர்ந்தால் 1900 டிசம்பர் 30. பயிற்சிக்கே வராத ஆளின் சான்றிதழ், அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே காலாவதியாகியிருக்கும். (1900-ல் பிப்ரவரி 29 கிடையாது. எக்செல் மட்டும் உண்டு என்று நம்புகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிசகு அது. அதோடு ஒத்துப்போவதற்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர் செய்த பிசகை ஒத்துப்போவதற்காக வைத்துக்கொள்வதில் நம் ஆலைகளுக்கும் பயிற்சி உண்டு, அதற்குத்தான் சான்றிதழ் தருவதில்லை.)

மார்ச் மாதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966 மார்ச் 4-ல் தொடங்கப்பட்டது. அந்த நாள்தான் தேசியப் பாதுகாப்பு நாள். அந்த வாரத்தில் உறுதிமொழி, வாசகப் போட்டி, கோலப் போட்டி என்று ஆலையே களைகட்டும். பயிற்சியையும் அந்த வாரத்திலேயே எல்லாருக்கும் முடித்துவிட்டால் புகைப்படத்துக்கு வசதி, பேனர் செலவும் மிச்சம். அடுத்த மார்ச்சில் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் காலாவதி. 3-ஆம் தேதி ராத்திரி ஆலை முழுக்கப் பாதுகாப்பானது, விடிந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. நிதியாண்டு முடியும் நேரம், புரொடக்‌ஷன் மேனேஜர் லைனிலிருந்து ஒரு ஆளைக்கூட விடமாட்டார். மென்பொருள் தினமும் காலையில் ஆளுக்கொரு நினைவூட்டல் மெயில் அனுப்பும். ஆட்களுக்கு மெயில் ஐடி இல்லாததால் அத்தனையும் உங்களுக்கே வரும். காலாவதியை மாதாமாதம் பரவும்படி பிரித்துப்போட்டால் இந்தத் தொல்லை இருக்காது. ஆனால் ஏப்ரலில் யார் கோலம் போடுவார்கள்?

பயிற்சி

சில பயிற்சிகளை நடத்தியே ஆகவேண்டும், புகைப்படம் ஏற்றச் சொல்லி மென்பொருள் கேட்கிறது. தீயணைப்புப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு. அதில் தண்ணீர், மேலே டீசல், ஒரு பந்தம். கரும்புகை எழும்பும். பயிற்சியாளர் சிவப்பு சிலிண்டரைத் தூக்கி, பின்னைப் பிடுங்கு, குழாயைத் தீயின் அடியில் காட்டு, அழுத்து, இரண்டு பக்கமும் வீசு என்று நாலு வரியில் சொல்லுவார். யாராவது ஒருத்தர் வாங்க என்பார். முன்வரிசையில் நிற்கும் சுறுசுறுப்பான ஐ.டி.ஐ. பையன் ஒருவன் வருவான். போன வருடமும் அவன்தான் வந்தான். அவன் அணைப்பான். மற்ற நாற்பது பேரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். பவுடர் ரீஃபில் செய்யக் காசு ஆகும் என்பதால் அத்தோடு சரி. சான்றிதழ் நாற்பத்தொன்று.

பின்னைப் பிடுங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இழுத்தால் அது வராது என்று. கையைத் தளர்த்தினால்தான் பின் நகரும். சிலிண்டரின் கனம், பவுடர் சீறும் சத்தத்தில் முதல் ஆள் ஓரடி பின்வாங்குவது, அரை நிமிடம்கூடத் தாங்காமல் அது தீர்ந்துபோவது, இவை எல்லாம் அந்த ஐ.டி.ஐ. பையன் ஒருவனிடம் மட்டும் இருக்கிற அறிவு. அவன் பொது ஷிஃப்ட். தீ எந்த ஷிஃப்டில் வரும் என்று மென்பொருளில் ஏற்ற முடியாது.

முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுக்க மறக்காதீர்கள். 1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று எழுதினார். வந்தவருக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நாம் முதல் படியில் கூடாரம் அடித்தோம். 'பயிற்சி எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு ஒரு படிவத்தில் 'சாம்பார் சாதம் நன்றாக இருந்தது' என்று எழுதியிருக்கும். மென்பொருள் அதை ஐந்துக்கு ஐந்து என்று எடுத்துக்கொள்ளும்.

மீதிப் பயிற்சிகளுக்கு வீடியோ இருக்கிறது. இருபது நிமிடம் ஓடும், நடுவில் ஓட்டிவிட முடியாது. கடைசியில் பத்துக் கேள்வி, எண்பது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். கேள்வி தயாரித்தவர் கருணை உள்ளவராக இருந்தால் எல்லாக் கேள்விக்கும் நான்காவது விடை 'மேற்கூறிய அனைத்தும்' என்று இருக்கும், அதுவே சரியாகவும் இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் தமிழ் வீடியோவில் தேறுவது இந்த வழியில்தான். சேஃப்டி ஆபீசருக்குத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பல மாநில விதிகளில் ஒரு தகுதி உண்டு. அதை எழுதிய காலத்தில் அந்த மொழி எது என்று யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

லாகின் செய்ய ஓடிபி வரும். ஷாப் ஃப்ளோரில் செல்போனுக்குத் தடை, போன் லாக்கரில் இருக்கிறது. காண்ட்ராக்டர் இதை முன்பே யோசித்துத் தன் நம்பரையே எல்லா ஆட்களுக்கும் கொடுத்திருப்பார். ஒரு நம்பரை ஒருத்தருக்குத்தான் தரலாம் என்று மென்பொருள் மறுத்தால் மனைவி நம்பர், மச்சான் நம்பர், டிரைவர் நம்பர் என்று குடும்பமே இறங்கும். இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கி, நாலு நாலு நிமிட இடைவெளியில், நாற்பது பேர் அந்த இருபது நிமிட வீடியோவைப் பார்த்துத் தேறியதாக மறுநாள் அறிக்கை வரும். காண்ட்ராக்டர் பச்சை. அவரைப் பாராட்டி ஒரு மெயில் போடுங்கள்.

இயக்கக் கூடாத வசதி

மென்பொருளின் உள்ளே எங்கோ ஒரு மூலையில், ஆபத்தான வேலைக்கு அனுமதி தரும் பர்மிட்டோடு சான்றிதழை இணைக்கும் வசதி ஒன்று இருக்கும். வாங்கும்போது டெமோவில் காட்டியிருப்பார்கள், எல்லாரும் தலையாட்டியிருப்பீர்கள். அதைத் தப்பித்தவறிக்கூட இயக்கிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு தொட்டி அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். உள்ளே ஆள் இறங்க வேண்டும். அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கலாம். காற்றைவிடக் கனமான வாயு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு ஏற ஏற மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். இறங்கியவர் சரிந்தால், தூக்க இறங்கும் இரண்டாமவரும் சரிவார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். அதனால்தான் அந்தப் பழைய சட்டத்தின் 36-வது பிரிவு இரண்டே வழி விட்டுவைத்தது. தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குகிறவர் மூச்சுக் கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கயிற்றைக் கொக்கியில் மாட்டலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு மனிதர் பிடித்திருக்க வேண்டும் என்றது.

அந்த வசதியை இயக்கினால் பர்மிட் அச்சாகும் முன் மென்பொருள் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். இறங்கப் போவது யார்? அவர் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா? வாயுவை அளந்தது யார்? ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? அளந்த மீட்டரின் கேலிப்ரேஷன் சான்றிதழ் முடிந்து எத்தனை நாளாகிறது? கயிற்றைப் பிடிக்கப் போகிறவர் பெயர் என்ன? அவர் இதே நேரத்தில் வேறொரு பர்மிட்டிலும் கயிறு பிடித்துக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறதே, எப்படி? ஒரு பதில் இல்லாவிட்டாலும் பர்மிட் வராது. பர்மிட் வராவிட்டால் தொட்டி சுத்தமாகாது, தொட்டி சுத்தமாகாவிட்டால் லைன் நிற்கும், லைன் நின்றால் போன் உங்களுக்கு வரும். மென்பொருளை விற்றவரைக் கேட்டால் அதன் வேலையே இதுதான் என்பார். அவருக்கு புரொடக்‌ஷன் பிரஷர் என்னவென்று தெரியாது.

இணைக்காமல் விட்டால் சான்றிதழ் ஒரு கணினியில் இருக்கும், பர்மிட் கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் இருக்கும். சூப்பர்வைசர் காலையிலேயே பத்துப் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

முதலுதவியிலும் இதே எச்சரிக்கை. 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றது பழைய சட்டத்தின் 45-வது பிரிவு. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர், அவரிடம் அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ், ஆலை நடக்கும் நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மென்பொருளில் தேடினால் சான்றிதழ் உள்ளவர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள். பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், ஹெச்.ஆர். ஆட்கள், வகுப்புக்கு அனுப்பினால் லைன் நிற்காது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அத்தனை பேரும் ஐந்தரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருக்கிறார் என்று பார்க்க ஷிஃப்ட் பட்டியலையும் சான்றிதழ்ப் பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பொருத்தாதீர்கள்.

ஆடிட்

ஆடிட் நாளன்று ஹெல்மெட்டில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பெருமையாகக் காட்டலாம். ஆடிட்டர் செல்போனை நீட்டுவார். போட்டோவோடு விவரம் வரும்: அசெம்பிளி, உயரத்தில் வேலைக்கான பயிற்சி நடப்பில் உள்ளது, ரத்த வகை பி பாசிட்டிவ். போட்டோவில் மீசை இருக்கும், எதிரில் நிற்பவருக்கு இருக்காது.

"இது உங்க ஹெல்மெட்டா?"

"இல்ல சார், நைட் ஷிஃப்ட் அண்ணனோடது. என்னுது வாரு அறுந்துபோச்சு, இன்னும் ஸ்டோர்ஸ்ல தரல."

பதறாதீர்கள். ஸ்டிக்கரை அடையாள அட்டைக்கு மாற்றப்போகிறோம் என்று சொல்லிவிட்டு ஆடிட்டரை மீட்டிங் ரூமுக்கு அழைத்துப்போங்கள். அங்கே முந்திரி இருக்கிறது, திரையில் பச்சை வட்டமும் இருக்கிறது. ஸ்டோர்ஸில் ஹெல்மெட் ஏன் தரவில்லை என்பது வேறு மென்பொருளின் விஷயம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் ஆம்புலன்ஸ். அடுத்தது லாகின். அடிபட்டவர் என்ன நிறத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

பச்சை என்றால் அறிக்கையின் முதல் வரி தயார்: 'உரிய பயிற்சி அளிக்கப்பட்டிருந்தும் ஊழியரின் கவனக்குறைவால்.' சிவப்பு என்றால் பழைய தேதி போட்டு ஒரு சான்றிதழை ஏற்றிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். பாக்ஸ் ஃபைல் காலத்தில் அது நடந்தது, அதே நீலப் பேனா இருந்தால் போதும். மென்பொருளில் பயிற்சித் தேதி என்று எதைப் போட்டாலும், ஏற்றிய நேரத்தை அது தன்பாட்டுக்கு ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளும். விபத்து பகல் 2.10-க்கு, சான்றிதழ் ஏறியது 4.40-க்கு என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டால் ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் பொய் சொல்லத் தெரியாத பாகம் இது ஒன்றுதான். விற்கும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்து, 'திருத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம் வரும். விபத்து பிரஸ்ஸில் என்று வையுங்கள். அங்கே இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்தினால்தான் அடி இறங்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு பட்டனில் டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள், டார்கெட் அப்படி. டேப்பை யார் சுற்றச் சொன்னார்கள் என்று எழுதினால் பல பேர் வருத்தப்படுவார்கள். லைட் கர்ட்டன் பொருத்த வேண்டும் என்று எழுதினால் பட்ஜெட் கேட்க வேண்டும். மறுபயிற்சி என்று எழுதினால் ஒரு ஹாலும் டீயும் போதும். மறுபயிற்சி என்றே எழுதுங்கள். மென்பொருளும் அந்தக் கட்டத்தில் முதல் தேர்வாக அதைத்தான் காட்டும்.

மறுபயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு, மூத்தவர்கள் காதோடு சொல்வது. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் விபத்தை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது பழைய சட்டத்தின் 88-வது பிரிவு. அதற்குள் அவரை ஆலை வண்டியிலேயே வீட்டிலிருந்து கூட்டிவந்து, ஏசி ஹாலில் கடைசி வரிசையில் உட்கார வைத்து, பிரஸ் பாதுகாப்பு பற்றிய அதே வீடியோவைப் போட்டுவிட்டால், அவர் வேலைக்கு வந்தவர் ஆகிறார், பயிற்சியும் முடித்தவர் ஆகிறார், வட்டமும் பச்சையாகிறது. ஒரே ஒரு சிக்கல். வகுப்புக்கு வந்ததற்கு பயோமெட்ரிக்கில் விரல் வைக்க வேண்டும், கட்டுப் போட்ட கையை மெஷின் ஏற்காது. ஆகவே ஆளை வேலைக்குச் சேர்க்கும் அன்றே, இடதுகைக் கட்டைவிரலையும் சேர்த்துப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.